மஜ்ஜை நிறைந்திருந்தும் ரத்தம் குறைகிறதா? எம்.டி.எஸ். நோய்க்கு எந்த வழி, யாருக்கு?

"அப்பாவுக்கு ரத்தம் ஊறவே மாட்டேங்குது. ஒரு டாக்டர் ரத்தம் ஏத்துங்கன்னு சொல்றார், இன்னொருத்தர் வாராவாரம் ஊசிங்கறார், மூணாவது ஆள் கீமோ ஆரம்பிச்சுடலாம்ங்கறார். யார் பேச்சைக் கேக்குறது?"

அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரில் ஏரியாதான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. கையில் இருக்கும் ஃபைலில் எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட் ஒன்று, அதன் கடைசி வரியில் மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம், சுருக்கமாக எம்.டி.எஸ். நான் டாக்டர் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் மஜ்ஜை ஸ்லைடுகளோடு பல வருடம் உட்கார்ந்தவன். அந்த இடத்திலிருந்து பார்த்தால், அந்த மூன்று டாக்டர்களும் சரியாகவே சொல்லியிருக்கலாம். எந்த மருந்து நல்ல மருந்து என்று கேட்பதற்கு முன், இந்த மஜ்ஜைக்குள் செல்கள் எதனால் சாகின்றன என்று கேட்க வேண்டும். அதற்கான பதில் இரண்டு மூன்று பரிசோதனைகளில் இருக்கிறது. பெரும்பாலான ஃபைல்களில் இல்லாமல் இருப்பவையும் அவைதான்.

## உள்ளே என்னதான் நடக்கிறது

ஆரோக்கியமான ஒருவரின் மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைத் தயாரித்து வெளியே அனுப்புகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். ரத்தம் குறைந்தால் மஜ்ஜை காய்ந்துபோயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எம்.டி.எஸ். ஸ்லைடைப் பார்த்தால் பெரும்பாலும் நேர்மாறு. அந்த வயதுக்கு இருக்க வேண்டிய கொழுப்பைக்கூட ஒதுக்கித் தள்ளிவிட்டு செல்கள் நெருக்கியடித்து நிற்கும். வயல் பச்சைப்பசேல் என்று இருக்கிறது, அறுத்துப் பார்த்தால் அத்தனையும் பதர். அதுதான் கதை.

செல்கள் பிறக்கின்றன, வேகமாகப் பெருகுகின்றன, ஆனால் முதிர்ந்து ரத்தத்துக்கு வருவதற்குள் மஜ்ஜைக்குள்ளேயே தம்மைத் தாமே முடித்துக்கொள்கின்றன. உடலில் தினமும் ஒழுங்காக நடக்கும் இந்தத் திட்டமிட்ட செல் மரணத்துக்கு அப்பாப்டோசிஸ் என்று பெயர். 1972-ல் கெர், வில்லி, கரி ஆகிய மூவர் வைத்த பெயர். எம்.டி.எஸ். மஜ்ஜையில் பெருக்கமும் இந்த மரணமும் ஒரே நேரத்தில் கூடுதலாக நடக்கின்றன என்பதை, கராச்சியில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்துவந்த அஸ்ரா ராஸா குழுவினர் 50 நோயாளிகளின் மஜ்ஜையை ஆராய்ந்து 1995-ல் எழுதினார்கள். டி.என்.எஃப். போன்ற அழற்சி சிக்னல்கள் அந்தச் சாவைத் தூண்டிவிடுகின்றன. சில வகைகளில் காரணம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே இருக்கிறது.

நோய் முற்ற முற்ற இந்தக் கணக்கு தலைகீழாகும். சாக வேண்டிய கோளாறான செல்கள் சாகாமல் தப்பிக்கக் கற்றுக்கொள்கின்றன. பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள் கூடுகின்றன. அவை 20 சதவீதத்தைத் தொட்டால் அது ரத்தப் புற்றுநோய், அதாவது கடும் லுகேமியா. ஆகவே ஆரம்ப நிலையில் 'செல்லைச் சாகவிடாதே' என்பது சிகிச்சை, முற்றிய நிலையில் 'கெட்ட செல்லைச் சாகடி' என்பது சிகிச்சை. மூன்று டாக்டர்களும் மூன்று விதமாகப் பேசுவது இதனால்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஆபத்து மதிப்பெண். 2012-ல் வந்த ஐ.பி.எஸ்.எஸ்.-ஆர் என்ற கணக்கு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. குரோமோசோம் ரிப்போர்ட், பிளாஸ்ட் சதவீதம், ஹீமோகுளோபின், பிளேட்லெட், நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு) என்ற ஐந்தையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். 3.5 வரை குறைந்த ஆபத்து என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கின்படி, நோயை மாற்றும் சிகிச்சை பெறாத மிகக் குறைந்த ஆபத்துப் பிரிவில் பாதிப் பேர் 8.8 வருடத்தைத் தாண்டினார்கள். மிக அதிக ஆபத்துப் பிரிவில் அது 0.8 வருடம். ஒரே பெயர் கொண்ட நோயில் இவ்வளவு தூரம். மரபணு மாற்றங்களையும் சேர்த்துக் கணக்கிடும் ஐ.பி.எஸ்.எஸ்.-எம் 2022-ல் வந்தது.

சீரம் எரித்ரோபாய்டின் (ஈ.பி.ஓ.) அளவு, அதாவது சிவப்பணுக்களை வளர்க்கும் ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு என்பது. சாதாரண ரத்தப் பரிசோதனை. கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள்.

குரோமோசோமும் மரபணுவும். 5-ஆவது குரோமோசோமின் நீள்கை அறுந்திருக்கிறதா, எஸ்.எஃப்.3.பி.1 மரபணுவில் மாற்றம் இருக்கிறதா, டி.பி.53 மரபணு கெட்டிருக்கிறதா?

அதன்பிறகு வீட்டுக் கணக்கு: மாதம் எத்தனை யூனிட் ரத்தம் ஏறுகிறது, சிறுநீரகமும் இதயமும் எப்படி, பலன் தெரிய எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், செலவு மெடிக்ளெய்மில் வருமா கைக்காசா, வாரத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. பி12 பார்த்தாகிவிட்டதா? பி12 குறைபாட்டிலும் மஜ்ஜை நிறைந்துதான் இருக்கும், செல்கள் உள்ளேயே சாகும், மூன்று வகை அணுக்களும் குறையும். ஸ்லைடில் பழகிய கண்ணையே ஏமாற்றிவிடும். சைவம் மட்டுமே சாப்பிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் ஏராளம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 இறங்கும். அதற்கு வைத்தியம் சில ரூபாய் ஊசி. ஃபோலேட், செம்புக் குறைபாடு, மது, எச்.ஐ.வி., டி.பி., வேறு மாத்திரைகள் இவற்றையும் விலக்கிய பிறகுதான் எம்.டி.எஸ். என்ற பெயரை ஒப்புக்கொள்ள வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | செல் மரணத்தோடு உறவு | யாருக்கு முதலில் யோசிக்கலாம் | பலன் தெரிய |
|---|---|---|---|
| ரத்தம் ஏற்றுவது | தொடுவதே இல்லை, நஷ்டத்தை ஈடுகட்டுகிறது | யாருக்கும், தேவைப்படும்போது | அன்றைக்கே |
| ஈ.பி.ஓ. ஊசி | சிவப்பணுக் குருத்துகளைச் சாகவிடாமல் காக்கிறது | குறைந்த ஆபத்து, ஈ.பி.ஓ. அளவு 500-க்குக் கீழே | 2 முதல் 4 மாதம் |
| லெனலிடோமைடு | கெட்ட செல்களின் வம்சத்தைச் சாகடிக்கிறது | 5-ஆவது குரோமோசோம் கை அறுந்தவர்கள் | 2 முதல் 4 மாதம் |
| லஸ்பாடர்செப்ட் | பாதியில் நிற்கும் செல்களை முதிர வைக்கிறது | வளைய சிடெரோபிளாஸ்ட் (உட்கருவைச் சுற்றி இரும்பு வளையம் கட்டிய செல்) உள்ளவர்கள், ஈ.பி.ஓ. பலிக்காதவர்கள் | 3 முதல் 6 மாதம் |
| அசாசிடிடின் | கெட்ட செல்களை ஒடுக்குகிறது | அதிக ஆபத்து | 4 முதல் 6 சுற்று |
| மஜ்ஜை மாற்று | மஜ்ஜையையே மாற்றுகிறது | அதிக ஆபத்து, உடல் தாங்கினால் | ரத்த அணுக்கள் சில வாரத்தில், முழு பலன் வருடங்களில் |

பட்டியலில் இல்லாத ஒரு வழியும் உண்டு: சும்மா இருப்பது. ஹீமோகுளோபின் 10-ஐ ஒட்டி நிற்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, ஆபத்து மதிப்பெண் குறைவு என்றால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சி.பி.சி. (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) பார்த்துக்கொண்டு இருப்பதே முறையான வைத்தியம். 'ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருக்கீங்களே' என்று கேட்கும் மாமாக்களைச் சமாளிப்பதுதான் இதில் கஷ்டம்.

## ரத்தம் ஏற்றிக்கொண்டே போவது

மிகவும் சுலபமாகத் தோன்றும் வழி. எனக்கு மிகவும் தயக்கம் உள்ள வழியும் இதுதான், அதையே தனிச் சிகிச்சையாக நம்பி இருந்தால்.

உடனடிப் பலன் நிஜம். ஒரு யூனிட் ஏறினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் கூடும். சோர்ந்து படுத்திருந்தவர் மறுநாள் எழுந்து பேப்பர் படிப்பார். 7-க்குக் கீழே இறங்கினாலோ, இதயக் கோளாறு இருந்து 8-ஐ ஒட்டி நெஞ்சு அடைத்தாலோ வேறு யோசனைக்கே இடமில்லை, ஏற்ற வேண்டியதுதான்.

மறைந்திருக்கும் செலவு நேரத்தில் தொடங்குகிறது. காலையில் மாதிரி கொடுத்து, கிராஸ் மேட்ச் ஆகி, பை வந்து, அதன் குளிர் விட்டு, சொட்டு ஆரம்பிக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம். வயதானவருக்கு வேகமாக விட்டால் நுரையீரலில் நீர் கோர்க்கும் என்று ஒரு யூனிட்டை மூன்று நான்கு மணி நேரம் இழுப்பார்கள், நடுவில் நீரை வெளியேற்றும் லேசிக்ஸ் ஊசி ஒன்று போடுவார்கள். இரண்டு யூனிட் என்றால் அன்றைய பொழுது முழுக்க டே கேர் கட்டிலில். கூட இருக்கும் மகனோ மகளோ அன்றைக்கு லீவு.

அடுத்தது கொடையாளர் கணக்கு. மாதம் 2 யூனிட் என்றால் வருடத்துக்கு 24. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம், பெண்கள் 120 நாள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் மாற்று கொடுக்கச் சொன்னால் தவறாமல் வரும் ஆறு ஆண்கள் வேண்டும். முதல் மூன்று மாதம் ஆபீஸ் நண்பர்கள் வருவார்கள். அப்புறம் போன் எடுக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கல்லூரிகள் விடுமுறையில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் முகாம்கள் குறைந்து தட்டுப்பாடு இன்னும் கூடும். ரத்தத்துக்கு விலை கிடையாது, பரிசோதனைக்கும் பதப்படுத்துவதற்குமான கட்டணம் மட்டும்தான் வாங்க வேண்டும் என்பது விதி. மாற்றுக் கொடையாளர் இல்லாவிட்டால் கூடுதல் பணம் என்று யாராவது சொன்னால் ரசீது கேளுங்கள்.

மூன்றாவது, இரும்பு. ஒரு யூனிட்டில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் ஒரு நாளைக்கு வெளியேற்றுவது 1 அல்லது 2 மில்லிகிராம். 24 யூனிட் ஏறினால் ஒரே வருடத்தில் 5, 6 கிராம் இரும்பு உள்ளே போகிறது. ஒரு பெரியவரின் உடலில் மொத்தமாக இருப்பதே 3, 4 கிராம்தான். அது கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். சுமார் 20 யூனிட் தாண்டியதும், உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 1,000-ஐக் கடந்ததும் இரும்பை இறக்கும் மருந்தைப் பற்றிப் பேச்சு வரும். டெஃபெராசிராக்ஸ் இந்தியத் தயாரிப்பிலேயே கிடைக்கிறது. ஆனால் கிரியாட்டினின் ஏறும், வயிற்றைக் கலக்கும். சிறுநீரகம் ஏற்கெனவே மந்தமாக உள்ளவருக்குக் கொடுக்க முடியாது.

இங்கேயே சமையலறையையும் சொல்லிவிடுகிறேன். பேரீச்சை, பீட்ரூட், முருங்கைக் கீரை, ஆட்டுச் சுவரொட்டி என்று வீட்டுக்கு வீடு பட்டியல் வரும். பசிக்குச் சாப்பிடலாம், தடையில்லை. இந்த நோயில் குறை இரும்பில் இல்லை. பக்கத்துக் கடையில் வாங்கிய இரும்பு டானிக்கைக் கொடுத்தால், ஒரு பக்கம் இறக்க மாத்திரையும் மறுபக்கம் ஏற்ற டானிக்கும் என்றாகிவிடும். பிளேட்லெட்டுக்குப் பப்பாளி இலைச் சாறும் அப்படித்தான், டெங்கு பேச்சிலிருந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த வழி எப்போது சரி? மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை துணையாக. அல்லது எல்லாம் முயன்றாகிவிட்ட, இதய பலம் குறைந்த, ஊசியும் மாத்திரையும் போதும் என்று சொல்லும் 80 வயதுக்காரருக்கு, அவர் விரும்பினால். தொடர்ந்து ஏற்றப்போகிறீர்கள் என்றால் முதல் யூனிட்டுக்கு முன்னாலேயே விரிவான ரத்த வகை, அதாவது ஏ, பி, ஆர்.எச். மட்டுமல்லாமல் கெல் போன்றவையும், பார்த்து வைக்கச் சொல்லுங்கள். வெள்ளையணு வடிகட்டிய ரத்தம் கேளுங்கள். பிற்காலத்தில் பொருந்தும் ரத்தம் கிடைக்காமல் திண்டாடுவது குறையும்.

## ஈ.பி.ஓ. ஊசி

குறைந்த ஆபத்துப் பிரிவில், ரத்தசோகை மட்டுமே பெரிய தொந்தரவாக இருப்பவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

எரித்ரோபாய்டின் என்பது சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன். சிவப்பணுவாக மாறும் வழியில் இருக்கும் இளம் செல்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஹார்மோன் கிடைக்காவிட்டால் அப்பாப்டோசிஸ்தான். வெளியிலிருந்து அதிக அளவில் கொடுத்தால் அந்தச் செல்களில் சாவைத் தடுக்கும் புரதங்கள் கூடி, ஒரு பகுதி பிழைத்து ரத்தத்துக்கு வந்து சேர்கிறது.

யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடிவது இதன் பெரிய வசதி. ஸ்காண்டிநேவிய மருத்துவர்கள் உருவாக்கிய கணக்கு ஒன்று உண்டு. சீரம் ஈ.பி.ஓ. 500-க்குக் கீழே, மாதம் 2 யூனிட்டுக்குக் குறைவான ரத்தத் தேவை, இரண்டும் பொருந்தினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு 74 சதவீதம். ஒன்று மட்டும் பொருந்தினால் 23. இரண்டுமே இல்லாவிட்டால் 7. (இந்தக் கணக்கு அந்த ஊசியோடு ஜி-சி.எஸ்.எஃப். என்ற இன்னொரு ஊசியும் சேர்த்துக் கொடுத்ததற்கு.) ஒரு ரத்தப் பரிசோதனை இவ்வளவு சொல்லும்போது அதைச் செய்யாமல் ஊசியை ஆரம்பிப்பதும் தப்பு, ஊசியே வேண்டாம் என்று ஒதுக்குவதும் தப்பு.

நான் திரும்பத் திரும்பப் பார்த்த குறை இன்னொன்று. 'ஈ.பி.ஓ. போட்டோம், கேக்கலை' என்பார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தால் வாரம் 4,000 அல்லது 10,000 யூனிட். அது டயாலிசிஸ் நோயாளிக்கான அளவு. எம்.டி.எஸ்.ஸுக்கு வாரம் 30,000 முதல் 60,000 வரை வேண்டும். அரை குறையாக ஆறு வாரம் போட்டுவிட்டு மருந்தின் மேல் பழி போடக் கூடாது. முழு அளவில் 12 வாரமாவது கொடுத்துப் பார்த்து, அப்போதும் அசையவில்லை என்றால்தான் கைவிட வேண்டும்.

செலவு வாரத்துக்குச் சில ஆயிரம். இந்தியாவிலேயே பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலை கடைக்குக் கடை மாறும், விசாரித்து வாங்கினால் கணிசமாக மிச்சமாகும். சிக்கல் என்னவென்றால் ஆஸ்பத்திரியில் சேராமல் போடும் ஊசி என்பதால் பெரும்பாலான மெடிக்ளெய்ம்களில் ஓ.பி. செலவாகப் போய்விடும், கைக்காசுதான். ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவிலோ ஃபிரீசரிலோ வைக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. கடையில் ஐஸ் பேக் இல்லாமல் வெறும் கவரில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். பி.பி. ஏறும். ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டவிட்டால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, அதனால் 12-ஐ நெருங்கும்போது அளவைக் குறைப்பார்கள்.

பலன் கிடைத்தவர்களுக்கும் அது நிரந்தரம் இல்லை. சராசரியாக இரண்டு வருடத்தை ஒட்டி ஓடும். சிலருக்கு அதற்கு மேலும்.

## லெனலிடோமைடு: சரியான ஆளுக்குக் கொடுத்தால்

5-ஆவது குரோமோசோமின் நீள்கையில் ஒரு துண்டு அறுந்த எம்.டி.எஸ். தனி ரகம். அந்தத் துண்டோடு ஆர்.பி.எஸ்.14 என்ற மரபணுவின் ஒரு பிரதி போய்விடுவதால் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் தடுமாறி, டி.பி.53 மரபணு தயாரிக்கும் பி53 என்ற காவல் புரதம் விழித்துக்கொண்டு சிவப்பணுக் குருத்துகளைச் சாகடிக்கிறது. லெனலிடோமைடு எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. அறுந்த குரோமோசோம் உள்ள வம்சத்தையே தேடிச் சாகடிக்கிறது. அதற்குப் பி53 நல்ல நிலையில் இருக்க வேண்டும், டி.பி.53 கெட்டவர்களிடம் மருந்து தோற்பது அதனால்தான்.

2006-ல் வெளியான ஆய்வில், இந்த ரக நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ரத்தம் ஏற்றும் தேவையே இல்லாமல் போனது. தினம் ஒரு கேப்சூல், 21 நாள், ஒரு வாரம் ஓய்வு. மேல்நாட்டில் சொத்தை விற்க வைக்கும் விலை. இங்கே உள்ளூர்த் தயாரிப்புகள் வந்ததால் மாதம் சில ஆயிரத்தில் முடியும்.

முதல் எட்டு வாரம் கவனம். நியூட்ரோஃபிலும் பிளேட்லெட்டும் சட்டென்று இறங்கும், வாராவாரம் சி.பி.சி. வேண்டும். கால் வீங்கினால் ரத்தக்கட்டி என்று சந்தேகிக்க வேண்டும். கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது. குரோமோசோம் ரிப்போர்ட் வராமலே 'முயற்சி செய்து பார்ப்போம்' என்று எழுதிக் கொடுத்தால், ரிப்போர்ட் வரட்டும் சார் என்று தயங்காமல் சொல்லலாம்.

## லஸ்பாடர்செப்ட்

பிரஷ்யன் நீலச் சாயம் போட்ட ஸ்லைடில் சில செல்களின் உட்கருவைச் சுற்றி நீலப் பொட்டுகள் மாலை கட்டியதுபோல் நிற்கும். ஐந்து பொட்டாவது இருந்து, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது வளைத்திருந்தால் அது வளைய சிடெரோபிளாஸ்ட். மைட்டோகாண்ட்ரியாவில் சிக்கிய இரும்பு. இவர்களில் பெரும்பாலோருக்கு எஸ்.எஃப்.3.பி.1 மாற்றம் இருக்கும். குறைந்த ஆபத்துள்ள, நீண்ட காலம் ஓடும் ரகம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் லஸ்பாடர்செப்ட் ஊசி, ஈ.பி.ஓ. காப்பாற்றும் கட்டத்துக்குப் பிந்தைய கட்டத்தில் வேலை செய்கிறது. ஈ.பி.ஓ. பலிக்காத வளைய சிடெரோபிளாஸ்ட் நோயாளிகளில் 38 சதவீதம் பேர் எட்டு வாரமாவது ரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள், வெற்று ஊசி போட்டவர்களில் 13. அமெரிக்காவில் 2020-ல் அனுமதி, 2023-ல் முதல் வரிசை மருந்தாகவும் அனுமதி. விலை நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் ஏதாவது நடப்பில் உள்ளதா என்று ஹெமடாலஜிஸ்டிடம் (ரத்தநோய் நிபுணர்) கேட்கலாம். அதற்காக வீட்டை அடமானம் வைக்கச் சொல்ல மாட்டேன்.

## அசாசிடிடின்: அந்த 'கீமோ'

கீமோ என்று கேட்டதும் வீடே ஆடிப்போகிறது. முடி கொட்டும் ரகம் அல்ல இது. டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளைக் கலைத்து, கெட்ட வம்சத்தை ஒடுக்கி, கொஞ்சம் நல்ல முதிர்ச்சிக்கு வழி விடுகிறது. அதிக ஆபத்துப் பிரிவில் இதன் பலன் நிரூபணமானது. 2009-ல் வந்த பெரிய ஆய்வில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15 மாதம், அசாசிடிடின் பெற்றவர்களுக்கு 24.5 மாதம்.

குறைந்த ஆபத்துக்காரருக்கு முதல் மருந்தாக இதை ஆரம்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 28 நாளுக்கு ஒருமுறை, தொடர்ந்து ஏழு நாள் ஊசி. ஒயிட்ஃபீல்டிலிருந்தோ எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தோ எழுபது வயதுக்காரரை ஏழு நாள் கூட்டிப் போய் வருவது தனி வைத்தியம். சனி, ஞாயிறு டே கேர் இல்லாத இடங்களில் ஐந்து நாள் போட்டு, இரண்டு நாள் விட்டு, மீதி இரண்டு நாள் போடுவார்கள். முதல் இரண்டு சுற்றில் அணுக்கள் இன்னும் இறங்கும், ரத்தத் தேவை கூடும், காய்ச்சல் வந்தால் நடுராத்திரியில் எமர்ஜென்சி. அந்தக் கட்டத்தில் பயந்து நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். நான்கு, ஆறு சுற்று முடியாமல் பலனை எடைபோட முடியாது. ஆரம்பித்தால் அதுவரை தாக்குப்பிடிக்கும் பணமும் ஆளும் இருக்க வேண்டும். மருந்து ஒரு சுற்றுக்குப் பத்தாயிரங்களில் போகும். டே கேர் கீமோ என்பதால் இன்சூரன்ஸில் வரும் வாய்ப்பு ஈ.பி.ஓ.-வை விட அதிகம்.

செல்லின் சாவைத் தடுக்கும் பி.சி.எல்.2 புரதத்தை முடக்கும் வெனிடோக்ளாக்ஸை இதோடு சேர்க்கலாமா என்று இப்போது நிறைய பேர் கேட்கிறார்கள். வயதானவர்களின் கடும் லுகேமியாவில் அந்தக் கூட்டணி ஆயுளைக் கூட்டியது உண்மை. எம்.டி.எஸ்.ஸில் நடந்த பெரிய மூன்றாம் கட்ட ஆய்வில் ஆயுள் கூடவில்லை என்று 2025-ல் அறிவித்தார்கள். லுகேமியாவாக மாறிய நோயாளியின் சீட்டைப் பார்த்து நம் வீட்டுக்காரருக்கும் கேட்காதீர்கள்.

## மஜ்ஜை மாற்று

முழுதாகக் குணப்படுத்தக்கூடிய ஒரே வழி. அதனாலேயே 'அதையே பண்ணிடலாமே' என்ற அவசரமும் வருகிறது. குறைந்த ஆபத்துக்காரருக்கு உடனே செய்தால், நோய் எடுத்திருக்கக்கூடியதைவிட அதிக வருடங்களைச் சிகிச்சையே எடுத்துக்கொள்ளலாம். தள்ளிப்போட்டு, நோய் நகரத் தொடங்கும்போது செய்வதே நல்லது என்று கணக்குகள் சொல்கின்றன. அதிக ஆபத்துள்ளவர்களுக்குக் கதை வேறு. 50 முதல் 75 வயதுள்ளவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், பொருந்தும் கொடையாளர் கிடைத்த பிரிவில் மூன்று வருடத்தில் 47.9 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், கிடைக்காத பிரிவில் 26.6.

உடன்பிறந்த ஒருவர் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. நம் குடும்பங்களில் தாய்மாமன், அத்தை மகள் என்று நெருங்கிய உறவில் கல்யாணம் நடந்திருந்தால், விரிந்த உறவுக்குள்ளும் முழுப் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு கூடும், டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். வெளியில் தேட, சென்னையிலிருந்து இயங்கும் தாத்ரி, பெங்களூரில் உள்ள டி.கே.எம்.எஸ். இந்தியா போன்ற பதிவேடுகள் இருக்கின்றன. பாதி பொருந்தும் மகனோ மகளோ கொடுக்கும் முறையும் இப்போது பரவலாகிவிட்டது.

பல லட்சம் ஆகும், 15 லட்சத்தைத் தாண்டுவது சகஜம். பாக்கேஜுக்குள் வராதது முதல் வருடம்: வாடகை வீடு, கொதிக்கவைத்த சாப்பாடு, வாராந்திரச் சோதனைகள், கொடையாளியின் செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் தாக்கும் ஜி.வி.எச்.டி. வந்தால் அதற்கான மருந்துகள். பாக்கேஜ் தொகைக்குச் சமமாக இன்னொரு பங்கு ஒதுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

## பெங்களூரா, வேலூரா?

"அண்ணா, இங்கயே பாத்துக்கலாம்" என்று தங்கையும், "இல்லம்மா, சி.எம்.சி.-க்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று அண்ணனும் இழுப்பது வழக்கம். இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது, வேலூரில் 1986-ல். அனுபவத்தில் குறையில்லை. லால்பாக் ரயிலில் ஏறினால் காட்பாடியில் இறங்கலாம், தமிழிலேயே பேசலாம். ஆனால் இந்த நோயின் சிகிச்சை ஒரு தடவை போய்வரும் சமாச்சாரம் இல்லை. நோயை உறுதிசெய்யவும் மஜ்ஜை மாற்று பற்றிப் பேசவும் வேலூர் போகலாம். வாராவார ஊசி, மாதாந்திர ரத்தம், ஏழு நாள் அசாசிடிடின் எல்லாம் வீட்டிலிருந்து பக்கத்தில்தான் நடக்க வேண்டும். பெங்களூரில் அரசின் கித்வாய், கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் போன்ற இடங்கள் இருக்கின்றன.

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு அந்த மாநில ரேஷன் கார்டு வேண்டும். கார்டைக் கர்நாடகாவுக்கு மாற்றிக்கொண்டவர்கள் இங்குள்ள ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா வழியைத்தான் பார்க்க வேண்டும். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டத்தை, நீங்கள் போகும் ஆஸ்பத்திரி ஏற்கிறதா, எந்தச் சிகிச்சைக்கு ஏற்கிறது என்று அட்மிஷனுக்கு முன் கேளுங்கள்.

## மஜ்ஜை எடுக்கும் நாளில்

மேலே சொன்ன எல்லாத் தேர்வும் அந்த ஒரு ஊசியில் கிடைக்கும் மாதிரியை நம்பித்தான் நிற்கிறது. இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போகும் ஊசி போட்டு உறிஞ்சுவார்கள். உறிஞ்சும் அந்த நொடியில் சுரீரென்று இழுக்கும், அதை மரத்துப்போகும் மருந்தும் தடுக்காது, முன்பே சொல்லி வைத்தால் பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஸ்லைடு வருடக்கணக்கில் இருக்கும், எலும்புத் துண்டின் மெழுகு பிளாக்கும் இருக்கும். வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்க இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். குரோமோசோம் பரிசோதனைக்கு மட்டும் உயிருள்ள செல்கள் வேண்டும். ஹெபரின் உள்ள பச்சை மூடி ட்யூபில் எடுத்து அன்றைக்கே லேபுக்கு அனுப்ப வேண்டும். பழைய ஸ்லைடிலிருந்து அதைத் திரும்பச் செய்ய முடியாது. ஊதா மூடி ட்யூபை மட்டும் தட்டில் பார்த்தால், இரும்புச் சாயமும் சைட்டோஜெனடிக்ஸும் (குரோமோசோம் பரிசோதனை) எழுதியிருக்கிறதா என்று ஊசி போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.